திருவாவடுதுறை மடத்துக்கு அப்பாவை அழைத்துப் போக வேண்டும், போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

வெண்பாப்பையன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 76 வயது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். உ.வே.சா. பெயரை எடுக்காமல் அவர் ஒரு வகுப்பை முடித்ததில்லை என்று அவரிடம் படித்தவர்கள் இன்னும் கேலி செய்வார்கள். ஆனால் அந்த உ.வே.சா. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட திருவாவடுதுறையை அப்பா பார்த்ததே இல்லை. கும்பகோணத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஒரு கல்யாணம், இல்லையென்றால் ஒரு கருமாதி, முடிந்ததும் ராத்திரி பஸ். இந்த முறை இதற்கென்றே கிளம்பலாம் என்று இருக்கிறேன்.

எனக்குக் கோயிலுக்குப் போகத் தெரியும். மடத்துக்குப் போகத் தெரியாது. நேராக உள்ளே போய்விடலாமா? யாரிடமாவது முன்னாலேயே சொல்ல வேண்டுமா? அப்பாவுக்கு முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது. அம்மாவும் வருகிறார், பெண்களை விடுவார்களா? ஓலைச்சுவடி பார்க்க முடியுமா? தை மாதக் குருபூசைக்குப் போவதா, சாதாரண நாளில் போவதா? கேள்வி நிறைய, மன்னிக்கவும்.

ஆடுதுறைக்காரன்:
தம்பி, நான் பக்கத்து ஊர்தான், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று: கோயில் வேறு, மடம் வேறு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் மாசிலாமணீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு, மடத்தையும் பார்த்தாச்சு என்று கிளம்பிவிடுவார்கள். கோயில் தேவார மூவரும் பாடிய தலம், கோமுத்தீசுவரர் என்றும் சொல்வார்கள். அம்பிகை பசு உருவத்திலிருந்து விடுபட்ட இடம் என்பது தலபுராணம், ஊர்ப்பெயரிலேயே ‘ஆ’ இருக்கிறது பாருங்கள். மடம் என்பது நமசிவாய மூர்த்திகள் தொடங்கிய திருக்கயிலாய பரம்பரை ஆதீனம். மூவலூரில் பிறந்தவர் அவர், மயிலாடுதுறைக்குப் பக்கம். அவருடைய சன்னதி மடத்துக்குள் இருக்கிறது. மடத்துத் தலைவரைக் குருமகா சன்னிதானம் என்போம், இப்போது இருப்பவர் 24ஆவது.

கும்பகோணத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறி, விலக்கில் இறங்கி உள்ளே போக வேண்டும். ரயில் என்றால் நரசிங்கம்பேட்டை, அங்கே பாசஞ்சர்தான் நிற்கும். ஐயாவுக்கு முட்டி வலி என்கிறீர்கள், கும்பகோணத்தில் ஒரு கார் பேசிவிடுங்கள், கணக்குப் பார்க்காதீர்கள். முடிந்தால் திருவிடைமருதூரையும் சூரியனார்கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டும் இந்த ஆதீனத்தின் நிர்வாகம்தான்.

நேரம் கேட்டால் யாரும் மணி சொல்ல மாட்டார்கள். “பூசை முடிஞ்சதும்” என்பார்கள். சன்னிதானம் ஞானமா நடராசர் பூசையை முடித்துவிட்டு வந்து அமர்ந்தால் திருநீறு வாங்கலாம். வெளியூர் போயிருந்தால் அதுவும் கிடையாது. அதனால் போவதற்கு முன்னால் ஒரு போன் செய்து, சன்னிதானம் ஊரில் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மல்லிகா_டீச்சர்:
பெண்களை விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மூன்று தடவை போயிருக்கிறேன், ஒருவரும் தடுத்ததில்லை. ஆதீனம் பல ஊர்களில் சைவ சித்தாந்தப் பயிற்சி மையம் நடத்துகிறது, மாதம் ஒருமுறை வகுப்பு, இரண்டு வருடப் படிப்பு. எங்கள் ஊர் மையத்தில் பாதிக்குமேல் பெண்கள்தான். தம்பிரான்கள், அதாவது மடத்துத் துறவிகள், தங்குகிற கட்டுப் பக்கம் நாங்கள் போக மாட்டோம். ஆண்களுக்கும் அங்கே வேலை இல்லை. அது அவர்கள் குடியிருக்கும் இடம்.

அம்மா புடவை, அப்பா வேட்டி, அது போதும். சன்னிதானத்தின் முன்னால் போகும்போது ஆண்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கிற பெரியவரைப் பார்த்துச் செய்தால் போதும். அப்பாவால் தரையில் விழுந்து வணங்க முடியாவிட்டால் கவலையே வேண்டாம். எங்கள் வகுப்பில் முட்டி மடக்க முடியாத ஒருவர் நின்றபடியே கும்பிட்டார், திருநீறு கொடுத்தார்கள்.

குருபூசைக்கா சாதாரண நாளிலா என்றால், நான் குருபூசைக்கே ஓட்டுப் போடுவேன். தை மாதம் அசுவதி நட்சத்திரத்தில் வரும். பந்தியை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். இலை போட்டு, சோறு போட்டு, குழம்பும் ஊற்றியாயிற்று, ஆவி பறக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கையும் இலைக்குப் போகாது. ஓதுவார் பதிகம் பாடி முடித்து, “நமப் பார்வதி பதயே” என்று ஒரு குரல் எழும்பி, எல்லாரும் சேர்ந்து “அரகர மகாதேவா” சொன்ன பிறகுதான் கை இறங்கும். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுப் பையன் அப்பளத்தைப் பார்த்தபடியே கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான்! மாகேசுவர பூசை என்று அதற்குப் பெயர். வந்திருக்கிற அடியார்களைச் சிவனாகவே நினைத்துச் சோறு போடுவது.

எட்டாம்_நம்பர்_பஸ்:
டீச்சர், 76 வயதுக்காரரை அந்தக் கூட்டத்தில் தள்ளுகிறீர்களே. குருபூசை அன்று கார் நிறுத்தவே இடம் கிடைக்காது, நடந்துதான் போக வேண்டும். சாதாரண நாளில் போவதுதான் சரி.

ஆடுதுறைக்காரன்:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். திருவிழா வேறு. மடம் தினமும் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், ஒன்றும் விசேஷம் இல்லாத ஒரு செவ்வாய், புதனில் போங்கள். அன்றைக்கு யாரும் உங்களுக்காக எதுவும் செய்ய மாட்டார்கள். காறுபாறு கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார், குத்தகைக்காரர் நாலு பேர் திண்ணையில் காத்திருப்பார்கள், கட்டளைத் தம்பிரான் எந்தக் கோயிலுக்கு எண்ணெய் போகவில்லை என்று போனில் சத்தம் போடுவார். மடம் என்றால் அதுதான்.

சொல் தெரியாதவர்களுக்கு: காறுபாறு என்றால் மடத்து நிர்வாகம் பார்க்கிற தம்பிரான். கட்டளைத் தம்பிரான் என்றால் கோயில் கட்டளைகளைப் பார்க்கிறவர். ஒடுக்கம் என்றால் சன்னிதானம் இருக்கிற அறை. உ.வே.சா. எழுத்தில் ‘ஒடுக்கம்’ அடிக்கடி வரும், ஐயாவுக்குத் தெரிந்திருக்கும்.

எட்டாம்_நம்பர்_பஸ்:
செங்கோல் மடம்தானே இது? 2023 மே மாதம் புது நாடாளுமன்றத்தில் வைத்தார்களே. 1947இல் உண்மையில் என்ன நடந்தது என்று யாராவது

களத்துமேடு:
அதை ஆரம்பித்தால் இழை நாற்பது பக்கம் போகும் ஐயா.

நெறியாளர்:
போகாது, ஏனென்றால் இங்கேயே நிறுத்துகிறேன். 1947 ஆகஸ்டில் இந்த ஆதீனத்திலிருந்து செங்கோல் டெல்லிக்குப் போய் நேருவிடம் கொடுக்கப்பட்டது. அதன் பொருள் என்ன என்பதில் சண்டை. அந்தச் சண்டைக்கு அரசியல் பிரிவில் தனி இழை இருக்கிறது, அங்கே அடித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பெரியவரை ஓர் ஊருக்கு அழைத்துப்போகும் விஷயம் மட்டும்.

சீவாளி:
செங்கோலோடு டெல்லிக்குப் போன கோஷ்டியில் நாகசுரமும் போனது என்பார்கள், வாசித்தது நம்ம டி.என். ராஜரத்தினம் பிள்ளை. நெறியாளர் ஐயா, இது அரசியல் இல்லை, சங்கீதம். விட்டுவிடுங்கள்.

வெண்பாப்பையன், இவ்வளவு தூரம் போகிறீர்கள், திரும்பும்போது நரசிங்கம்பேட்டையில் ஒரு அரைமணி நேரம் நில்லுங்கள். நாகசுரம் கடைகிற ஊர். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில்தான் செய்வார்கள். புது மரம் ஆகாது, பழைய வீடு இடிக்கிற இடத்தில் போய் உத்தரத்தையும் தூணையும் வாங்கிவருவார்கள். ஐம்பது, நூறு வருடம் காய்ந்த மரமாக இருந்தால்தான் வெடிக்காது, வளையாது. ஏதோ ஒரு செட்டியார் வீட்டுக் கூடத்தைத் தாங்கிய கட்டை நாளைக்குத் தோடி ராகம் பேசும்.

தோடி என்றதும் ராஜரத்தினம் பிள்ளைதானே. அவருக்கு முன்னால் திமிரி நாயனம்தான் அதிகம், குட்டையாக இருக்கும், சுருதி மேலே. அவர் கேட்டு, சுத்த மத்திமம் சரியாகப் பேசும்படி நீளமாகச் செய்து கொடுத்தது இந்த நரசிங்கம்பேட்டை ஆசாரிதான். பாரி நாயனம் அப்படித்தான் வந்தது. மடம் ஆதரித்த வித்துவான், அடுத்த ஊரில் வாத்தியம் செய்கிறவர், இரண்டுக்கும் நடுவில் நாலு வயல். அவ்வளவு பக்கம். இதெல்லாம் ஒரே இடத்தில் அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை, சோறு போட ஒரு இடம் இருந்தது.

களத்துமேடு:
சோறு யாருக்குப் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் சண்டைக்கு வரவில்லை. எங்கள் தாத்தா ஒரு மடத்து நிலத்தில் குத்தகைக்காரர். எந்த மடம் என்று சொல்ல மாட்டேன், இந்த இழையில் பேசுகிற மடம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். களத்தில் நெல் அளக்கும்போது மரக்கால் யார் கையில் இருக்கிறது என்பதுதான் எல்லாம் என்பார். வானம் பொய்த்த ஒரு வருடம், பாக்கியைத் தள்ளச் சொல்லிக் கேட்பதற்காகக் காலையில் போய் மடத்து வாசலில் நின்றவர் சாயங்காலம்வரை நின்றார். உள்ளே அன்றைக்கு ஏதோ விசேஷம், நெய் வாசனை வந்துகொண்டே இருந்ததாம். என் அப்பா சாகும்வரை நெய் தொடவில்லை. தாத்தா சொன்ன கதையினாலா, அவருக்கே பிடிக்காதா, கேட்டதில்லை.

1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கும், அப்புறம் வந்த குத்தகைச் சட்டங்களுக்கும் பின்னால் இந்த மாதிரி ஆயிரம் வாசல் இருக்கிறது. தம்பிரானாகிற உரிமையும் மரபாகச் சைவ வேளாளருக்குத்தான். உ.வே.சா. மடத்தில் பாடம் கேட்டார், பிராமணர் என்பதால் சாப்பாடு வேறிடத்தில். ஆக எல்லாருக்கும் எல்லாமும் திறந்த இடம் என்று யாரும் பாட வேண்டாம். போய்ப் பார்க்கட்டும், பெரியவர் ஆசை. ஆனால் தூணைப் பார்க்கும்போது அது எந்த நெல்லில் எழும்பியது என்றும் ஒருதடவை நினைத்துப் பார்க்கலாம்.

மல்லிகா_டீச்சர்:
நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். நெய் விஷயம் மனசில் நிற்கிறது.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உ.வே.சா. பாடம் கேட்ட அதே காலத்தில் மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை, கிறிஸ்தவர். அவர் இந்த மடத்தின் சன்னிதானமாக இருந்த சுப்பிரமணிய தேசிகரைப் பாடியிருக்கிறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை பதிலுக்கு வேதநாயகம் பிள்ளையைத் தலைவராக வைத்துக் கோவை என்ற சிற்றிலக்கியமே பாடினார். சைவ மடத்து மகாவித்துவான் ஒரு கிறிஸ்தவ முன்சீபின்மேல் கோவை பாடியதை மடம் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவு சில பக்கம் மூடியிருந்தது, சில பக்கம் நாம் எதிர்பார்க்காத அளவுக்குத் திறந்திருந்தது. இரண்டும் ஒரே கட்டடம்தான்.

எட்டாம்_நம்பர்_பஸ்:
பல்லக்கை விட்டுவிட்டீர்களே. மனிதனை மனிதன் தூக்குவது.

ஆடுதுறைக்காரன்:
வரும் என்று தெரியும். பட்டினப் பிரவேசம், சன்னிதானத்தைப் பல்லக்கில் வைத்து ஊர்வலமாகத் தூக்கிப்போவது. 2022இல் தருமபுரம் ஆதீனத்தில் கோட்டாட்சியர் தடை போட்டார், பெரிய ரகளை ஆனது, பிறகு தடையை விலக்கினார்கள், அந்த மே மாதமே நடந்தது. இங்கேயும் குருபூசையை ஒட்டி நடக்கும்.

தூக்குகிறவர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். “எங்க அப்பா தோள் கொடுத்தார், நான் கொடுக்கிறேன், உனக்கு என்ன?” என்று கேட்பார்கள். அவர்களிடம் எனக்குப் பதில் இல்லை. ஆனால் என் மகளிடமும் பதில் இல்லை. அவள் பத்து வயதில் அதைப் பார்த்துவிட்டு, “சாமியாருக்குக் கால் வலியா அப்பா?” என்று கேட்டாள். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் நான் வருடா வருடம் தெருவில் நின்று பார்க்கிறேன்.

நெறியாளர்:
பல்லக்கு பற்றி ஆளுக்கு ஒரு பதிவு போதும். ஆடுதுறைக்காரர் போட்டதோடு முடித்துக்கொள்வோம்.

கந்தர்மடத்தான்:
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல். பெயரில் மடம் இருக்கிறதே தவிர எங்கட கந்தர்மடத்தில் இப்ப மடம் ஒண்டும் இல்லை, ஊர்ப்பெயர் மட்டுந்தான்.

நாவலரை ஒருவரும் சொல்லவில்லை, அதுதான் எழுதுகிறேன். ஆறுமுக நாவலருக்கு ‘நாவலர்’ எண்ட பட்டம் தந்தது திருவாவடுதுறை ஆதீனம். 1849ஆம் ஆண்டு. அவருக்கு அப்ப 26 வயது. அதுக்கு முதல் வருடந்தான் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினவர். பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வேணும், புத்தகத்துக்கு அச்சு யந்திரம் வேணும் எண்டு சென்னைக்குப் போகிற வழியில் மடத்தில் இறங்கிப் பிரசங்கம் செய்தார். சன்னிதானம் கேட்டுவிட்டுப் பட்டம் தந்தார். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவின ஆள், அங்கே போய்ச் சைவ மடத்தில் பட்டம் வாங்கினார் எண்டது எனக்கு எப்பவும் ஒரு புதினம்.

எங்கட வீட்டில் அம்மம்மா ஆறுமுகம்பிள்ளை எண்டு ஒருநாளும் சொன்னதில்லை, நாவலர், நாவலர்தான். பட்டமே பெயர் ஆகிப்போச்சு. அந்தப் பெயர் வைத்த வீட்டுக்கு வெண்பாப்பையனின் அப்பா போகிறார் எண்டால், எங்களுக்காகவும் ஒரு கும்பிடு போடச் சொல்லுங்கோ.

வெண்பாப்பையன்:
அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். வேதநாயகம் பிள்ளை, கோவை எல்லாம் அவருக்குத் தெரிந்தது. நாவலர் விஷயமும் தெரியும். களத்துமேடு எழுதியதைக் கேட்டதும்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “மறுபடியும் வாசி” என்றார். அடுத்த வாரம் புதன்கிழமை போகிறோம்.

ஆடுதுறைக்காரன்:
சுவடி பற்றிக் கேட்டீர்கள், விட்டுப்போயிற்று. மடத்து நூல்நிலையம் இருக்கிறது, ஓலைச்சுவடிகளும் உண்டு. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிற காட்சிசாலை இல்லை. ஆராய்ச்சி என்று எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினால்தான். சிவஞான முனிவர் சிவஞானபோதத்துக்கு எழுதிய மாபாடியம் என்ற உரை எத்தனை காலம் இந்த மடத்தை விட்டு வெளியே வராமல் இருந்தது தெரியுமா? அவர் காலம் 18ஆம் நூற்றாண்டு, முழுசாக அச்சில் வர 20ஆம் நூற்றாண்டு ஆயிற்று. சுவடி விஷயத்தில் மடம் அவ்வளவு கெட்டி. அது சரியா தப்பா என்று அப்பா சொல்லட்டும், ஏடு தேடி அலைந்தவரின் பக்தர் அல்லவா.

வெண்பாப்பையன்:
போய் வந்துவிட்டோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் கார் எடுத்தோம். காலை எட்டரைக்குள் போய்ச் சேர்ந்தாயிற்று. முதலில் கோயில். நந்தியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே, அதற்காக உங்கள் எல்லார்மேலும் எனக்குக் கோபம். அவ்வளவு பெரிய நந்தியை நான் எதிர்பார்க்கவில்லை. அம்மா நிமிர்ந்து பார்த்து, “இது எழுந்தா ஊரே நகரணும்” என்றார். திருமூலர் சன்னதி முன்னால் அப்பா ரொம்ப நேரம் நின்றார். சாத்தனூர் இடையன் மூலன் செத்துக்கிடக்க, மாடுகள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் அந்த உடம்புக்குள் புகுந்த யோகி என்ற கதையை டிரைவருக்குச் சொல்லத் தொடங்கினார். டிரைவர் உள்ளூர்ப் பையன், அவனுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் “அப்புறம் சார்?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். அதற்காகவே அவனுக்குக் கூட இருநூறு கொடுத்தேன்.

பிறகு மடம். வாசலில் நின்று யாரிடம் கேட்பது என்று முழித்தேன். உள்ளே முற்றத்தில் கொடியில் காவித் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரே நிறம் இல்லை. ஒன்று நல்ல செங்கல் நிறம், ஒன்று வெளுத்து மாம்பழத்தோல் மாதிரி, ஒன்று ஓரத்தில் நைந்து நூல் தொங்கியது. ஏனோ அதைப் பார்த்த பிறகுதான் இது ஆள் குடியிருக்கிற வீடு என்று எனக்கு உறைத்தது. அதற்குமுன்வரை மனசுக்குள் இது ஒரு பாடப்புத்தகப் படம்தான்.

ஒரு பெரியவர் வந்தார், மடத்தில் வேலை செய்பவர். “எங்கேர்ந்து?” என்றார். அப்பா ஊரைச் சொல்லவில்லை. “தமிழ் வாத்தியார்” என்றார். அவர் தலையை ஆட்டிவிட்டு, “பூசை நடக்குது, உக்காருங்க” என்று திண்ணையைக் காட்டினார். ஆடுதுறைக்காரன் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே மணி சொல்லவில்லை.

ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்களோடு இரண்டு விவசாயிகள், கையில் மஞ்சள் பை, பைக்குள் கடுதாசி. ஒரு கல்யாணப் பத்திரிகைக் குடும்பம், தட்டில் பழத்தோடு. உள்ளிருந்து மணிச் சத்தம், நடுவில் தேவாரம். யார் பாடினார் என்று தெரியவில்லை, சின்னக் குரல். ஓரிடத்தில் வரி தட்டிற்று, நின்றது, மறுபடி அதே அடியிலிருந்து தொடங்கியது. அப்பா சட்டென்று நிமிர்ந்தார். வகுப்பில் பையன் செய்யுள் ஒப்பிக்கும்போது தடுமாறினால் அப்படித்தான் நிமிர்வார். உதடு அசைந்தது, சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டு சரியாகப் போனதும் மறுபடி சாய்ந்துகொண்டார்.

அந்தப் பெரியவரிடம் அப்பா கேட்டார், மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து பாடம் சொன்னார் என்று. நான் ஒரு பலகையாவது இருக்கும் என்று நினைத்தேன். அவர் கையை வீசி, “இங்கதான், எல்லா இடத்துலயும்” என்றார். தெரியாமல் சொன்னாரா, நன்றாகத் தெரிந்துதான் சொன்னாரா, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. உட்கார்ந்திருந்த திண்ணையை உள்ளங்கையால் இரண்டு தடவை தடவினார்.

சன்னிதானம் வந்து அமர்ந்தபோது எங்களுக்கு முன்னால் அந்த இரண்டு விவசாயிகள்தான் போனார்கள். பத்து நிமிடம் பேசினார்கள். என்ன முடிவானது என்று கேட்கவில்லை, ஆனால் களத்துமேடு ஐயா, உங்கள் தாத்தா ஞாபகம் எனக்கு வந்தது. அப்பாவுக்கும் வந்திருக்க வேண்டும், அவர்கள் வெளியே வந்தபோது எழுந்து நின்றார், முட்டி வலியோடு. எங்கள் முறை வந்தது, திருநீறு வாங்கினோம். அப்பா ஏதாவது பேசுவார், ஒரு வெண்பாவாவது எழுதி வைத்திருப்பார் என்று நினைத்தேன். ஒன்றுமே பேசவில்லை. வெளியே வந்து காரில் ஏறிய பிறகு, “யாழ்ப்பாணத்துக்காரருக்காகக் கும்பிட்டேன்னு எழுதிடு” என்றார். எழுதிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், ரசம், மோர். குருபூசைப் பந்தி மாதிரி இல்லை டீச்சர், நாங்கள் பதினைந்து பேர் இருப்போம். ஆனாலும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் காத்திருந்தேன்.

சுவடி பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. அப்பாதான் வேண்டாம் என்றார். கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் உ.வே.சா. மாதிரி திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும், இந்த முட்டியோடு முடியாது என்று சிரித்தார்.

சீவாளி:
நரசிங்கம்பேட்டை?

வெண்பாப்பையன்:
நின்றோம். ஒரு பட்டறையில் கடைந்துகொண்டிருந்தார்கள். தரையெல்லாம் கருப்பும் சிவப்புமாக மரத்தூள். அம்மா ஒரு கட்டையில் பழைய ஆணித் துளை இருப்பதைப் பார்த்து, இது எந்த வீட்டில் இருந்தது என்று கேட்டார். கடைகிறவர், “நாச்சியார்கோயில் பக்கம், ஊஞ்சல் மாட்டின உத்தரம்” என்றார். அந்தத் துளை வருகிற பகுதியை வெட்டி எறிந்துவிடுவார்களாம். அதை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது எங்கள் வீட்டில் கதவு அடிக்காமல் இருக்க அண்டக் கொடுத்திருக்கிறோம்.

களத்துமேடு:
ஐயா எழுந்து நின்றார் என்று எழுதினீர்களே. நன்றி. வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஆடுதுறைக்காரன்:
நந்தியைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. தினமும் பார்க்கிறவனுக்கு அது பெரிதாகவே தெரிவதில்லை.

கந்தர்மடத்தான்:
கும்பிட்டதுக்கு மிக்க நன்றி. ஐயாவுக்கு ஒரு அழைப்பு: வண்ணார்பண்ணைக்கு வந்து நாவலர் தொடங்கின பள்ளிக்கூடத்தையும் பார்க்க வேணும். தங்க எங்கட வீடு இருக்கு. சாப்பாட்டுக்குக் குறை வராது.

வெண்பாப்பையன்:
இதைப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. நேற்றிலிருந்து பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்களாமே, அதில் முட்டி மடக்காமல் உட்கார முடியுமா என்று கேட்கச் சொல்கிறார்.

கந்தர்மடத்தான்:
கதிரை இருக்கு, சாய்ந்து இருக்கலாம். மழைக்காலத்தில் கடல் சரியில்லாமல் கப்பலை நிற்பாட்டிப்போடுவினம், அதால மாசி பிறந்த பிறகு வாங்கோ. துறைமுகத்துக்கு நான் வாறன்.